புகையிரதத்தில் வந்த சிறுவன்



இலண்டன் மாநகரின் லிவர்பூல் ஸ்ரீற் புகையிரத நிலையம் எம்மவர் பலருக்கும் பழக்கமான இடம். விடியற்காலையில் கிழக்கு இலண்டனிலிருந்து வேலைக்குப் புறப்படுவோரும், இரவுக் கடமை முடித்துக் கண் எரிச்சலுடன் வீடு திரும்புவோரும் அந்நிலையத்தின் படிகளில் ஏறி இறங்குகின்றனர். நிலையத்தின் வெளியே வெண்கலத்தாலான சிறுவர் சிலர் பெட்டிகளுடன் நிற்பதை அவர்களுள் எத்தனை பேர் நின்று பார்த்திருப்பார்கள் என்று நாம் அறியோம். எமக்கும் பல ஆண்டுகள் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. சென்ற மாதம் மழைக்கு ஒதுங்கிய வேளையிலேயே அச்சிலைகளின் முகங்களைச் சரியாகப் பார்த்தோம். புதிய ஊரொன்றில் வந்திறங்கி, யார் தம்மை அழைத்துச் செல்ல வருவார்கள் என்று காத்து நிற்கும் பிள்ளைகளின் முகங்கள் அவை. அந்த முகத்தை எம் சமூகத்தில் அறியாதார் யாருமில்லை.

1938ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1939 செப்ரெம்பரில் யுத்தம் மூளும்வரை, நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி ஐரோப்பாவிலிருந்து பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்ட ஏறக்குறைய 10,000 பிள்ளைகளின் நினைவாக 2006இல் அச்சிலைகள் நிறுவப்பட்டன. பெரும்பாலும் யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். சிலைகளைச் செய்த சிற்பி பிராங்க் மைஸ்லரும் அப்படி வந்த ஒரு பிள்ளையே. அவ்வாறு வந்த இன்னொரு பிள்ளையைப் பற்றியே இவ்வாரம் எழுத விழைகின்றோம். ஆறு வயதில் அந்நிலையத்தில் வந்திறங்கிய அச்சிறுவன் பின்னாளில் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் அமர்ந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பின்னரும் எழுந்து நின்று அகதிகளுக்காகப் பேசினார். அவர் பெயர் அல்பிரட் டப்ஸ். அல்ப் டப்ஸ் என்றும், 1994இன் பின் டப்ஸ் பிரபு என்றும் இந்நாடு அவரை அறியும்.

எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அண்மையில் ஒரு திருமண மண்டபத்தில் எம்மருகே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், தொலைக்காட்சியில் கண்ட படகுகளைப் பற்றிப் பேச்செடுத்து, "தம்பி, இனி வாறவையை நிப்பாட்டத்தான் வேணும். நாங்கள் வந்த காலம் வேறை" என்றார். சுற்றியிருந்தோர் பலரும் தலையசைத்தனர். அப்போது நாம் மறுமொழி சொல்லவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் வாதம் செய்வது அழகன்று என்று எண்ணினோம். அவருக்குச் சொல்லாமல் விட்ட மறுமொழியே இக்கட்டுரை என வாசகர்கள் கொள்ளலாம்.

டப்ஸ் 1932 டிசம்பர் 5ஆம் திகதி செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராக்கில் பிறந்தார். தந்தை யூதர், தாய் யூதரல்லர். 1939 மார்ச் 15ஆம் திகதி ஜேர்மன் படைகள் பிராக்கினுள் நுழைந்தன. ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்த தந்தை உடனடியாக இலண்டனுக்குப் புறப்பட்டார். தாய்க்கோ வெளியேறும் அனுமதி மறுக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகத்திலிருந்த தம் நாட்டு ஜனாதிபதி பெனெசின் படத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, அவ்விடத்தில் ஹிட்லரின் படத்தை ஒட்டும்படி பிள்ளைகள் பணிக்கப்பட்டதை டப்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆக்கிரமிப்பு என்பது ஒரு குழந்தைக்கு முதலில் தெரிவது இப்படித்தான். பீரங்கிகளுக்கு முன்னே பாடப்புத்தகம் மாறிவிடுகிறது.

1939 யூன் மாதத்தில் தாய் அவரைப் பிராக் நிலையத்தில் புகையிரதமேற்றினார். வழியில் உண்பதற்கு ஒரு சிறு பையில் உணவு கட்டிக் கொடுத்தார். பயணம் இரண்டு நாட்கள். கடினமான மர இருக்கைகள். ஜேர்மனியைக் கடந்து ஒல்லாந்தின் எல்லையைத் தாண்டியதும் வயதில் மூத்த பிள்ளைகள் ஆரவாரம் செய்தனர். ஏதோ பெரிய காரியம் நடந்திருக்கிறது என்று தமக்குப் புரிந்ததாம், என்னவென்று புரியவில்லையாம். இலண்டனில் வந்திறங்கியபோது தாய் கட்டிக் கொடுத்த உணவுப் பை அவிழ்க்கப்படாமலே இருந்தது. இரண்டு நாட்களும் அவர் அதைத் தொடவே இல்லை.

ஏனைய பிள்ளைகளைவிட அவர் ஒரு வகையில் பாக்கியசாலி. லிவர்பூல் ஸ்ரீற்றில் அவரை அழைத்துச் செல்லத் தந்தை காத்து நின்றார். அனுமதி மறுக்கப்பட்டிருந்த தாயும் ஆகஸ்ட் 31ஆம் திகதி இலண்டன் வந்து சேர்ந்தார். மறுநாள் செப்ரெம்பர் 1ஆம் திகதி ஜேர்மனி போலந்தின்மீது படையெடுத்தது, எல்லைகள் அடைபட்டன. ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் ஒரு குடும்பம் பிழைத்தது. அதே செப்ரெம்பர் 1ஆம் திகதி பிராக்கிலிருந்து புறப்படவிருந்த மற்றொரு புகையிரதத்தில் ஏறக்குறைய 250 பிள்ளைகள் வரவிருந்தனர். அது புறப்படவேயில்லை. அப்பிள்ளைகளுள் பெரும்பாலோர் யுத்தத்தின் முடிவைக் காணவில்லை. பயண முகவரின் ஒரு தொலைபேசி அழைப்புக்காக கொழும்பு விடுதிகளில் மாதக்கணக்காகக் காத்திருந்த எம்மவருக்கு, ஒரு நாள் முந்துவதற்கும் ஒரு நாள் பிந்துவதற்கும் இடையிலுள்ள தூரத்தை நாம் விளக்கத் தேவையில்லை.

பிராக்கிலிருந்து வந்த அப்புகையிரதங்களை ஒழுங்கு செய்தவர்களுள் ஒருவர் நிக்கலஸ் வின்ரன் என்னும் இளம் பங்குத் தரகர். எட்டுப் புகையிரதங்களில் 669 பிள்ளைகள் அவருடைய பட்டியல்களின்படி வந்து சேர்ந்தனர். பிராக்கில் நின்று ஆபத்தான வேலையைச் செய்த டொறீன் வொறினர், ரெவர் சட்விக் ஆகியோரின் பெயர்களையும் இங்கு விடுதலாகாது. இவர்களைப் பற்றி வின்ரனே வலியுறுத்திச் சொல்லி வந்தார். தாம் செய்ததை வின்ரன் பல ஆண்டுகள் வெளியே பேசவில்லை. 1988இல் பி.பி.சி. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் வாயிலாகவே அது உலகறிய வந்தது. தம்மை ஏற்றி வந்த புகையிரதத்தின் பின்னால் யார் இருந்தார் என்பதை டப்ஸும் ஐம்பது வயதைத் தாண்டிய பின்னரே அறிந்தார். அதன்பின் இருவரும் நண்பர்களாயினர். வின்ரன் 2015 யூலை 1ஆம் திகதி தமது 106ஆவது வயதில் காலமானார்.

ஓர் உண்மையை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று பிரித்தானியா கதவை அகலத் திறந்துவிடவில்லை. பிள்ளைகளுக்கு மட்டுமே அனுமதி, பெற்றோருக்கு இல்லை. பிராக்கிலிருந்து வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வளர்ப்புக் குடும்பமும் 50 பவுண் உத்தரவாதப் பணமும் காட்ட வேண்டியிருந்தது. அன்றைய நாளில் அது பெருந்தொகை. அன்றும் "ஏற்கெனவே அதிகம் பேர் வந்துவிட்டனர்" என்ற குரல் இந்நாட்டில் ஓங்கி ஒலித்தது. அந்தக் குரலையும் மீறி ஒரு சிறு இடைவெளி கிடைத்தது. அந்த இடைவெளியால் நுழைந்தவர்களுள் ஒருவர் டப்ஸ்.

தந்தை வெகுநாள் வாழவில்லை. வந்த சிறிது காலத்திலேயே இறந்தார். அந்நிய நாட்டில், அந்நிய மொழியில், ஒரு தாய் தன் ஒரே மகனை வளர்த்தெடுத்தார். மகன் செடில் ஹல்ம் பாடசாலையிலும் பின்னர் இலண்டன் பொருளியல் கல்லூரியிலும் பயின்றார். தீயவர் கையில் அகப்பட்ட அரசியல் தம் குடும்பத்தை வேரோடு பிடுங்கியதென்றால், நல்லவர் கையில் அதே அரசியல் நன்மையும் செய்யக் கூடும் என்ற எண்ணமே தம்மை அரசியலுக்குள் இழுத்தது என்ற கருத்தில் அவர் பலமுறை பேசியிருக்கிறார். அரசியல் என்றாலே முகத்தைச் சுழிக்கும் எம் இளைய தலைமுறையினர் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

பாராளுமன்றம் அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. தொழிற்கட்சியில் சேர்ந்து வெஸ்ற்மின்ஸ்ரர் நகரசபையில் அங்கத்தவரானார். 1970இலும் 1974இலும் பொதுத் தேர்தல்களில் நின்று தோற்றார். மாக்கிரட் தச்சர் அம்மையார் ஆட்சிக்கு வந்த 1979ஆம் ஆண்டுத் தேர்தலில், தம் கட்சி நாடெங்கும் தோற்ற வேளையில், தென் பற்றர்சித் தொகுதியில் வென்று பாராளுமன்றம் புகுந்தார். அப்போது அவருக்கு வயது 46. 1983இல் பற்றர்சித் தொகுதியில் மீண்டும் வென்றார். 1987இல் அதே தொகுதியில் தோற்றார். 1992இல் நின்று மீண்டும் தோற்றார். நீண்டகாலப் பாராளுமன்றவாதி என்று இன்று போற்றப்படுபவர் மக்கள் வாக்கால் சபையில் இருந்த காலம் எட்டு ஆண்டுகளே. வென்ற தேர்தல்களைவிடத் தோற்ற தேர்தல்களே அதிகம். தோல்வியின் பின் வீட்டில் ஒதுங்கியிருந்தால் இந்நாடு அவரை என்றோ மறந்திருக்கும்.

அவர் மக்கள் சபையில் எதிர்க்கட்சியின் உள்துறைப் பேச்சாளர்களுள் ஒருவராக இருந்த ஆண்டுகள் எம் சமூகத்தின் வரலாற்றிலும் முக்கியமானவை. 1983 ஆடிக் கலவரத்தின் பின் எம்மவர் இந்நாட்டை நோக்கி வரத் தொடங்கினர். 1985இல் பிரித்தானிய அரசு இலங்கையர் விசா பெற்றே வர வேண்டும் என்று விதித்தது. பொதுநலவாய நாடொன்றின் மக்கள்மீது அவ்வாறு விதிக்கப்பட்டது அதுவே முதற்றடவை. 1987 பெப்ரவரியில், ஹீத்றோ விமான நிலையத்தில் திருப்பியனுப்பப்படவிருந்த தமிழ் அகதிகள் ஓடுபாதையருகே தம் உடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினர். மானத்தை உயிரினும் மேலாக மதிக்கும் சமூகத்தினர் அந்நிலைக்குத் தள்ளப்பட்டதை எம்முள் மூத்தோர் இன்றும் மறக்கவில்லை. நீதிமன்றம் தலையிட்டு அவ்விமானப் பயணத்தைத் தடுத்தது. அதையடுத்து அதே ஆண்டில், உரிய பத்திரமின்றி ஒருவரை ஏற்றி வரும் விமான, கப்பல் நிறுவனங்களுக்கு ஆளொன்றுக்கு 1,000 பவுண் அபராதம் விதிக்கும் சட்டம் வந்தது. விமானத்தில் ஏறும் வாசலிலேயே அகதியைத் தடுத்துவிடும் முறைக்கு அது அடிகோலியது. படகில் வருவோரைக் குறை சொல்லுமுன், விமான வாசல் எப்போது, யாரைத் தடுப்பதற்காக அடைக்கப்பட்டது என்பதை நாம் நினைவில் வைத்திருப்பது நன்று.

1987இல் தொகுதியை இழந்த டப்ஸ், 1988இல் அகதிகள் பேரவை என்று நாம் அழைக்கும் அமைப்பின் பணிப்பாளரானார். 1995வரை அப்பொறுப்பில் இருந்தார். எம்மவர் பெருந்தொகையாக இந்நாட்டை வந்தடைந்த ஆண்டுகள் அவை. குர்தியரும் சோமாலியரும் வந்தனர். 1992இன் பின் பொஸ்னியர் வந்தனர். அகதியாக வந்த ஒரு பிள்ளை, அகதிகளுக்கு ஆலோசனையும் தங்குமிடமும் தேடிக் கொடுக்கும் அமைப்பின் தலைமை அலுவலரானது சாதாரண விடயமன்று. அக்காலத்தில்தான் 1993ஆம் ஆண்டின் தஞ்சச் சட்டம் வந்தது. தஞ்சம் மறுக்கப்பட்டவர் இந்நாட்டில் இருந்தபடியே மேன்முறையீடு செய்யும் உரிமையை அது ஒரு கையால் தந்தது. கைரேகை பதிவு முதலான இறுக்கங்களை மறு கையால் கொண்டுவந்தது. எம் வீடுகளில் இன்றும் அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் பழைய மேன்முறையீட்டுக் கோவைகள் பல அச்சட்டத்தின் வழி வந்தவையே.

1994இல் அவர் பிரபுக்கள் சபைக்கு நியமிக்கப்பட்டார். வாசகர் சிலருக்கு இச்சபையைப் பற்றிச் சிறு விளக்கம் தேவைப்படலாம். மக்கள் சபையினரை நாம் வாக்களித்துத் தெரிவு செய்கின்றோம். பிரபுக்கள் சபையினருக்குத் தேர்தல் இல்லை, தொகுதியும் இல்லை. சட்டமூலம் ஒன்றை அவர்கள் திருத்தலாம், தாமதப்படுத்தலாம், மீண்டும் யோசிக்கும்படி மக்கள் சபைக்குத் திருப்பியனுப்பலாம். இறுதிச் சொல் மக்கள் சபையினுடையதே. தெரிவு செய்யப்படாத ஒரு சபை இருப்பது முறைதானா என்ற கேள்வி இந்நாட்டிலேயே நீண்டகாலமாக உண்டு. அது நியாயமான கேள்வியுங்கூட. எனினும் அடுத்த தேர்தலுக்கு அஞ்ச வேண்டாத ஒருவர், வாக்குகளைப் பெற்றுத் தராத மக்களுக்காகப் பேச முடியும் என்பதை டப்ஸ் அங்கிருந்து காட்டினார்.

1997இல் ரொனி பிளேயரின் அரசில் வட அயர்லாந்து அலுவலகத்தின் இளநிலை அமைச்சராகி 1999வரை பணியாற்றினார். 1998ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்படிக்கை கைச்சாத்தான காலம் அது. சிறுவனாகச் சில காலம் வட அயர்லாந்தின் குக்ஸ்ரவுண் என்ற ஊரில் வாழ்ந்தவர், அந்நிலத்துக்கே அமைச்சராகத் திரும்பினார். ஆயினும் அவர் பெயர் நிலைத்தது அமைச்சர் பதவியால் அன்று. எண்பத்து மூன்று வயதில் கொண்டுவந்த ஒரு திருத்தத்தால்.

2015 செப்ரெம்பரில் துருக்கியின் கடற்கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தையின் உடல் உலகை உலுக்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வேளையில் ஐரோப்பாவில் பெற்றோரோ உறவினரோ இன்றித் தனித்துத் திரிந்த அகதிப் பிள்ளைகள் பல்லாயிரம். அவர்களுள் 3,000 பேரைப் பிரித்தானியா ஏற்க வேண்டும் என்ற திருத்தத்தை, அப்போது பாராளுமன்றத்தில் இருந்த குடிவரவுச் சட்டமூலத்தில் சேர்க்க டப்ஸ் முன்வந்தார். 2016 மார்ச்சில் பிரபுக்கள் சபை 306க்கு 204 என்ற வாக்குகளால் அதை ஏற்றது. ஏப்ரல் 25ஆம் திகதி மக்கள் சபை அதை 294க்கு 276 என்ற வாக்குகளால் தள்ளியது. வித்தியாசம் 18 வாக்குகள். பிள்ளைகளை ஏற்றால் அது மேலும் பிள்ளைகளைக் கடலில் இறங்கத் தூண்டிவிடும் என்பது அரசின் வாதம். இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் 1939இன் பிராக் நிலையத்தை நாம் நினைக்கின்றோம். அத்தாய் தன் ஆறு வயது மகனைப் புகையிரதமேற்றியது இலண்டனின் கவர்ச்சியாலா, பிராக்கின் அச்சத்தாலா?

அடுத்து நடந்ததைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். அரசுக்குச் செலவு வைக்கும் திருத்தம் என்று மக்கள் சபை தன் நிதிச் சிறப்புரிமையைக் காட்டியதால், அதே வாசகத்தைப் பிரபுக்கள் சபை வற்புறுத்த இயலாதாயிற்று. டப்ஸ் மறுநாளே புதிய வாசகத்துடன் வந்தார். 3,000 என்ற எண் நீங்கியது. எத்தனை பேர் என்பதை உள்ளூராட்சிச் சபைகளுடன் கலந்தாலோசித்து அரசு தீர்மானிக்கும் என்று மாற்றப்பட்டது. பிரபுக்கள் சபை அதை 279க்கு 172 என ஏற்றது. அரசின் சொந்தக் கட்சியினர் சிலரும் கலகம் செய்வர் என்ற நிலையில், மே 4ஆம் திகதி பிரதமர் டேவிட் கமரூன் இறங்கி வந்தார். அதுவே 2016ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் 67ஆம் பிரிவு. டப்ஸ் திருத்தம் என்று நாடே அழைத்தது.

வெற்றி என்று கொண்டாடியவர்கள் ஒன்பது மாதங்களில் ஏமாந்தனர். 2017 பெப்ரவரியில், மொத்தம் 350 பிள்ளைகளுடன் இத்திட்டம் நிறுத்தப்படும் என அரசு அறிவித்தது. உள்ளூராட்சிச் சபைகளிடம் அதற்குமேல் இடமில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஏப்ரலில், ஒரு பிராந்தியம் தர முன்வந்த 130 இடங்கள் கணக்கில் விடுபட்டுவிட்டன என்று சொல்லி எண் 480 ஆக உயர்த்தப்பட்டது. 130 பிள்ளைகளின் எதிர்காலம் ஒரு கூட்டல் பிழையில் காணாமற்போயிருந்தது என்றால் அதைப் பற்றி வேறு என்ன எழுத! 480 என்ற எல்லையை அரசு பின்னர் மாற்றவில்லை.

எண்ணை விட்டுக்கொடுத்தது தவறா? நாம் இதைப் பலவாறு யோசித்தோம். எண் இல்லாத வாக்குறுதி அளவு குறிக்காத கொத்து. அளப்பவன் கைக்குத் தக்கபடி அது சுருங்கும். இது ஒரு பாடம். ஆனால் எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் ஒரு பிள்ளைகூட இத்திட்டத்தில் வந்திருக்க மாட்டாது. இன்று அந்த 480 பேரும் எங்கோ படிக்கின்றனர், வேலை செய்கின்றனர். சிலர் தாமும் பெற்றோராகியிருக்கலாம். புறப்படாத ஒன்பதாவது புகையிரதத்தில் இருந்த 250 பேரை நினைத்துப் பார்த்தால், 480 என்பது குறைவான எண் என்று சொல்லலாம். வீணான எண் என்று சொல்ல முடியாது. முழுமை கிடைக்கவில்லை என்பதற்காகக் கிடைத்ததை உதறுவதும், கிடைத்ததே முழுமை என்று அடங்கிவிடுவதும் இரண்டும் பிழை. டப்ஸ் இரண்டையும் செய்யவில்லை.

2020 யனவரியில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் சட்டமூலத்தில், ஐரோப்பாவில் தனித்திருக்கும் பிள்ளைகள் இந்நாட்டிலுள்ள தம் உறவினருடன் சேரும் வழியைக் காக்க மீண்டும் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பிரபுக்கள் சபையில் வென்றார். மறுநாளே மக்கள் சபையில் தோற்றார். 2023ஆம் ஆண்டின் சட்டவிரோதக் குடிவரவுச் சட்டமூலத்தின்போதும் எழுந்து நின்றார். 2025 நவம்பரில், அகதி அந்தஸ்தைத் தற்காலிகமாக்கி நிரந்தர வதிவுரிமைக்கு நீண்ட காத்திருப்பை விதிக்கும் திட்டங்களைத் தம் சொந்தக் கட்சியின் அரசே அறிவித்தபோது, அதையும் பகிரங்கமாகக் கண்டித்தார். எதிர்க்கட்சி ஆட்சியில் நியாயம் பேசுவது எவருக்கும் எளிது. தன் கட்சி ஆட்சியிலும் அதையே பேசுவதற்குத்தான் முதுகெலும்பு வேண்டும்.

இனி அந்தப் பெரியவரின் சொல்லுக்கு வருவோம். நாங்கள் வந்த காலம் வேறு என்றார். காலம் வேறுதான். காரணம் வேறா? எம்மில் எத்தனை பேர் சரியான கடவுச்சீட்டுடன், முறையான விசாவுடன், நேர் வழியால் வந்தோம்? மொஸ்கோவின் குளிரிலும், கொள்கலன் வண்டிகளின் இருட்டிலும், எல்லைக் காடுகளிலும் நின்றவர்கள் இப்பத்திரிகையின் வாசகர்களிடையே உள்ளனர். அவர்கள் அன்று குற்றவாளிகளாக எண்ணப்பட்டனர். இன்று கடை முதலாளிகள், மருத்துவர்களின் பெற்றோர், கோயில் அறங்காவலர். ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கும் உரிமை எவருக்கும் உண்டென்றால், அது எமக்கு இல்லை. பெரியவரின் அச்சமும் எமக்குப் புரியாமலில்லை. புதிதாக வருவோரைக் காட்டி எம்மையும் வெறுப்பார்களோ என்ற அச்சம் அது. ஆனால் வெறுப்பு வரிசை பார்த்து வருவதில்லை. இன்று பிந்தி வந்தவரைத் தேடும் கை, நாளை முந்தி வந்தவரின் கதவையும் தட்டும்.

இறுதியாகச் சில நடைமுறை வார்த்தைகள். பாராளுமன்றம் எமக்கு எட்டாத மாளிகை என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு தொகுதியின் அங்கத்தவரும் மக்களைச் சந்திக்க நேரம் ஒதுக்குகின்றனர். வாக்குரிமை இல்லாதவரும் அத்தொகுதியில் வசிப்பவராயின் தம் வழக்கைப் பற்றி அவரிடம் முறையிடலாம். செல்லும்போது உள்துறை அமைச்சின் கடிதங்களையும் வழக்கு இலக்கத்தையும் தவறாது எடுத்துச் செல்லுங்கள். ஆங்கிலம் தடையெனில் படித்த பிள்ளையொன்றைத் துணைக்கு அழையுங்கள், வெட்கப்பட வேண்டாம். தங்கும் அனுமதி பெற்றுள்ள இலங்கைக் குடியுரிமையாளர் பொதுநலவாயப் பிரசைகள் என்ற முறையில் இந்நாட்டின் தேர்தல்களில் வாக்களிக்கலாம் என்பதை எம்மவர் பலர் இன்னும் அறியவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதியுங்கள். பதினெட்டு வாக்குகளால் 3,000 பிள்ளைகளின் விதி மாறியதை மேலே கண்டோம்.

அடுத்த முறை பிள்ளைகளுடன் லிவர்பூல் ஸ்ரீற் பக்கம் செல்ல நேர்ந்தால், ஐந்து நிமிடம் அச்சிலைகளருகே நில்லுங்கள். இரண்டு நாட்கள் பயணம் செய்தும் தாய் கட்டிக் கொடுத்த உணவை அவிழ்க்காமல் வந்த ஆறு வயதுச் சிறுவனின் கதையைச் சொல்லுங்கள். அதன்பின், நீங்கள் எப்படி வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதைச் சொல்ல எம் பெற்றோர் பலர் தயங்குகின்றனர். சொல்லாத கதையைப் பிள்ளைகள் எப்படி அறிவார்கள்?

அடுத்த வாரம் சந்திப்போம்.